வெளிப்புறக் கேமராவுக்கு சோலார்: பேனல் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"பேனல் மாட்டியாச்சு, இருந்தும் நாலு நாளில் கேமரா அணைந்துவிடுகிறது" என்பதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி காதில் விழும் புலம்பல். உடனே இன்னும் பெரிய பேனலாகப் பார்த்து வாங்குவார்கள். சில வாரத்தில் மறுபடி அதே புலம்பல். பேனலில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. கேமரா ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்காமல் பேனலை வாங்குவதுதான் கோளாறு.

கேமராக்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, உள்ளேயே பேட்டரி வைத்தது. எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், ஆள் நடமாட்டத்தை பிஐஆர் சென்சார் (உடல் சூட்டின் அசைவை உணர்வது) உணர்ந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்யும். மற்றொன்று 24 மணி நேரமும் ஓடுவது. கடையில் 'சோலார் பேனல்' என்று தனியாக விற்கும் 3 வாட், 5 வாட் பேனல்கள் முதல் ரகத்துக்கு மட்டுமே. இரண்டாவதுக்கு அதை மாட்டுவதில் பயனே இல்லை. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

பேட்டரி கேமராவை எடுத்துக்கொள்வோம். அதை வீட்டுக்குள் அடாப்டரில் 100 சதவீதம் சார்ஜ் செய்யுங்கள். பேனல் இல்லாமல், கடைசியாக எங்கே இருக்கப் போகிறதோ அதே இடத்தில் மாட்டுங்கள். சில நாள் விட்டு, தினம் எத்தனை சதவீதம் குறைகிறது என்று குறித்து வையுங்கள். 100-லிருந்து 95 வரை ஆப் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 90-க்கும் 50-க்கும் இடைப்பட்ட இறக்கத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பேட்டரி 10,000 மில்லியாம்பியர் மணி என்றால், லித்தியம் செல்லின் சராசரி வோல்ட்டான 3.6-ஆல் பெருக்க 36 வாட் மணி. தினம் 4 சதவீதம் குறைந்தால் செலவு 1.44 வாட் மணி. இப்போது வரவு. பேனலில் அச்சிட்ட வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் எடுத்த எண். கூரைமேல் அது கிடைக்காது. உங்கள் பகுதியில் வெயில் மிகக் குறைந்த மாதத்தில் முழு வெயிலுக்குச் சமமாக எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். 2.5 என்று வைத்துக்கொள்வோம். சூடு, தூசி, கேபிள், சார்ஜ் சுற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.6-ஆல் பெருக்குங்கள். 3 வாட் பேனல்: 3 × 2.5 × 0.6 = 4.5 வாட் மணி. 1.44 செலவுக்கு மூன்று மடங்கு வரவு, கவலையே வேண்டாம்.

அதே கேமரா தினம் 15 சதவீதம் குறைந்தால்? செலவு 5.4. இங்கேதான் எல்லோரும் 6 வாட் பேனலுக்குத் தாவுகிறார்கள். ஏன் 15 சதவீதம் என்று முதலில் கேளுங்கள். விடை பெரும்பாலும் நிகழ்வுப் பட்டியலிலேயே இருக்கும்: தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும், வெயிலில் சூடாகிக் காற்றில் ஆடும் ஒவ்வொரு கிளைக்கும் கேமரா விழித்திருக்கும். கேமராவைத் தரையிலிருந்து 7 முதல் 10 அடி உயரத்தில் வைத்து, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, தெரு சென்சாரின் பார்வைக்குள் வராதபடி திருப்புங்கள். நேராகக் கேமராவை நோக்கி வருபவரைவிட, குறுக்கே நடப்பவரைத்தான் பிஐஆர் சீக்கிரம் பிடிக்கும். ஆட்கள் குறுக்கே கடக்கும் கோணத்தில் வைத்தால் உணர்திறனைக் குறைத்தாலும் தவறவிடாது. இரவில் வெள்ளை விளக்கு எரியும் வசதி அவசியமில்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். வைஃபை சிக்னலையும் பாருங்கள். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு. அது கழித்தல் 70-க்கும் கீழே (கழித்தல் 75, 80 என்று) இருந்தால், ஒவ்வொரு வீடியோவையும் அனுப்ப ரேடியோ அதிக நேரம் விழித்திருக்கும். பேட்டரி அங்கேதான் கரையும். ரூட்டரை கேமரா பக்கமாக ஒரு அறை தள்ளி வைப்பது சில சமயம் பேனலை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

பேனல் வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கேமராவும் பேனலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேமரா சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் இருக்கட்டும், பேனல் வெயிலுக்குப் போகட்டும். வட அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்து, தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்து, ஏறக்குறைய ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்வு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் படுக்கையாக வைக்காமல் 10–15 டிகிரி சாயுங்கள். மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும். சுவரோடு ஒட்டாமல் பின்னால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். செல் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 0.4 சதவீதம் உற்பத்தி குறையும்.

நிழல் விஷயத்தில் கறாராக இருங்கள். இந்தச் சின்னப் பேனல்களில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். நிழல் விழுந்த செல்லைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்திவிடும் பைபாஸ் டையோடு பெரும்பாலும் இருக்காது. ஒரே ஒரு செல் முழுதாக நிழலில் சிக்கினால் மொத்தப் பேனலும் ஏறக்குறைய படுத்துவிடும். காலை 9, நண்பகல், பிற்பகல் 3 மணிக்குப் பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போகும் என்பதால், கோடையில் எட்டாத மதில் நிழல் அப்போது எட்டும்.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் கேபிள். 5 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் போடுகிறீர்கள். உள்ளே மெல்லிய 28 கேஜ் கம்பி. அது மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக 5, வர 5 என்று 10 மீட்டருக்கு 2.1 ஓம். 3 வாட் பேனல் 0.6 ஆம்பியர் கொடுக்கும் நேரத்தில் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் கிளம்பி 3.7 வோல்ட்டாக வந்து சேரும். முழுதாக நிரம்ப 4.2 வோல்ட் வேண்டிய லித்தியம் செல்லை அது எப்படி நிரப்பும்? அதே தூரத்துக்கு 22 கேஜ் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும். யுஎஸ்பி கேபிளின் மேலுறையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் '28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி' என்பது போல இரண்டு எண்கள் பொடி எழுத்தில் இருக்கும் (ஏடபிள்யூஜி என்பது கேஜ்தான்). முதலாவது தரவுக் கம்பி. மின்சாரம் போவது '2சி' என்று முடியும் இரண்டாவதில். நமக்கு வேண்டிய எண் அதுதான். எதுவுமே அச்சிடாத கேபிளைக் கையில் எடுக்காதீர்கள்.

முனைகளில் தண்ணீர் இறங்காமல் பார்ப்பது அடுத்தது. கேபிள் கேமராவுக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். சுவரைத் துளைத்தால் துளை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கட்டும். அடைப்பதற்குச் சிலிகான் வாங்கும்போது, வினிகர் வாடை அடிக்கும் ரகத்தைத் தவிர்க்கவும். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். கேபிளைக் கட்ட வெள்ளை பிளாஸ்டிக் டை வேண்டாம், வெயிலில் நொறுங்கிவிடும்.

எல்லாம் மாட்டிய பின் ஆப்பில் சார்ஜ் ஆகும் மின்னல் குறி தெரிந்தால் போதும் என்று இறங்கிவிடாதீர்கள். பேட்டரி 50–60 சதவீதத்தில் இருக்கும்போது, தெளிந்த நண்பகலில், கேமரா பக்க முனையில், வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் யுஎஸ்பி மீட்டரைச் செருகிப் பாருங்கள். 3 வாட் பேனலுக்கு 4.7 வோல்ட்டுக்கு மேல், 0.35 ஆம்பியர் அளவில் வந்தால் நல்லது. செருகியதும் வோல்ட் சரிந்தால் சந்தேகம் கேபிள் மேல். வோல்ட் நன்றாக இருந்து ஆம்பியர் மட்டும் ஏறாவிட்டால் பேட்டரி நிரம்பியிருக்கும், அல்லது சூடு, குளிர் காரணமாகக் கேமரா சார்ஜை நிறுத்தியிருக்கும். லித்தியம் அயான் செல்லை உறைநிலைக்குக் கீழும் 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால் பல கேமராக்கள் தாமாகவே மறுத்துவிடும். மேற்கு வெயில் அறையும் சுவரில் மாட்டிய கேமரா, வெயில் அதிகம் உள்ள நேரத்தில் சார்ஜ் ஆகாமல் இருப்பதன் ரகசியம் இதுவே.

இனி 24 மணி நேர ரகம். சராசரியாக 3 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 72 வாட் மணி. மாற்று இழப்போடு 80. மேலே சொன்ன, தினம் 4 சதவீதம் குறையும் பேட்டரி கேமராவைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்க 240 வாட் மணி வேண்டும். 12.8 வோல்ட், 24 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 307 வாட் மணி இருக்கும். 80 சதவீதம் பயன்படுத்தினால் சரியாக வரும். பேனல்: 80-ஐ 2.5 × 0.6-ஆல் வகுத்தால் சுமார் 53 வாட். அது அன்றன்றைய செலவுக்கே சரியாகிவிடும். காலியான பேட்டரியை மீட்கவும் வேண்டும் என்பதால் 80 அல்லது 100 வாட் போடுங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் பேட்டரி வகையைச் சரியாக அமைத்துவிடுங்கள். பேட்டரியை முதலில், பேனலை அடுத்து, கேமராவைக் கடைசியில் இணையுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசையில். பேனலை முதலில் கொடுத்தால் 20 வோல்ட்டுக்கு மேல் வெறுமனே கன்ட்ரோலரில் ஏறும். மலிவான சில கன்ட்ரோலர்கள் அதில் போய்விடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். 12-ஐ 5 வோல்ட்டாக்கும் பக் கன்வெர்ட்டரைப் பேட்டரிப் பெட்டிக்குள் வைக்காமல் கேமரா அருகில் வையுங்கள். நீண்ட கம்பியில் 12 வோல்ட் போனால் ஆம்பியர் பாதிக்கும் குறைவு. இழப்பும் அதற்கேற்பக் குறையும்.

இவ்வளவு செய்தும் ரூட்டர் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது என்றால், கரன்ட் போன நேரத்தில் கேமரா விழித்திருக்கும், உங்கள் போனுக்கு எதுவும் வராது. மெமரி கார்டு போடுங்கள், அல்லது ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கொடுங்கள்.

பேனலை மாதம் ஒரு முறை, வெயில் ஏறும் முன், ஈரத் துணியால் துடைத்தால் போதும். தொடர் மழையில் பேட்டரி கேமரா 30 சதவீதத்துக்கு இறங்கினால் ஒரு பவர் பேங்கைக் கொண்டுபோய் கேமராவின் சார்ஜ் முனையில் ஓர் இரவு செருகி எடுங்கள். பவர் பேங்கையே பேனலுக்கும் கேமராவுக்கும் நடுவில் நிரந்தரமாக வைக்கும் யோசனை வேண்டாம். இழுக்கும் கரன்ட் குறைந்ததும் பெரும்பாலான பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். பட்டனை அழுத்த ஒவ்வொரு முறையும் ஏணி போட வேண்டியிருக்கும்.