இரத்தினபுரியில் ஒரு தாமரை நிறக் கல்

இலங்கையின் இரத்தினபுரியில் ரத்தினக் கல் தேடித் தோண்டும் குழி அது. வாய் ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். நாலு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, மண் சரியாமல் இருக்க இடுக்குகளில் பெரணித் தழையைத் திணித்திருந்தார்கள். உள்ளே ஊறும் தண்ணீரை மோட்டார் ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தது. 'இல்லம்' என்று இங்கே சொல்லும் சரளைப் படிவைத் தோண்டி மேலே ஏற்றி, கூடையில் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். மண் கரைந்து ஓட, கனமான கற்கள் அடியில் தங்கும். நான் பார்த்த மூன்று கூடையிலும் விலைபோகிற கல் ஒன்றுகூட இல்லை. கல் கிடைத்தால்தான் பங்கு: நிலத்துக்காரர், லைசென்ஸ்காரர், மோட்டார் கொடுத்தவர், குழியில் இறங்கியவர்கள் எல்லோருக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு, எந்தக் கல்லையும் 'விலை ஜாஸ்தி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வந்தது பத்பராட்ஷாவைப் பார்க்க. பத்மராகம் என்ற சொல்லின் திரிபுதான் அது. நமக்குப் பத்மராகம் என்றால் சிவப்பு மாணிக்கம். இங்கே அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது, இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகக் கலந்த தாமரை நிறக் கல். நீலமும் மாணிக்கமும் எந்தக் கனிமமோ, இதுவும் அதே குருந்தம்தான். இளஞ்சிவப்பு தூக்கினால் வெறும் பிங்க் சஃபையர். ஆரஞ்சு தூக்கினால் அதற்கு வேறு பெயர், வேறு விலை. நடுவே உள்ள அந்த மெல்லிய இடைவெளியில் வந்து விழும் கல் மிகக் குறைவு. அபூர்வம் என்பது இதைத்தான்.

காலையில் தெருவோரம் கூடும் கல் சந்தையில், வெள்ளைக் காகித மடிப்பைப் பிரித்துக் காட்டினார் ஒரு முஸ்லிம் வியாபாரி; அண்ணன் என்ற பொருளில் இங்கே 'நாநா' என்பார்கள். மிளகளவு கல். விரலிடுக்கில் வைத்து வானத்தை நோக்கித் திருப்பினார்.

"கடை லைட்டுல பாக்கவே கூடாது தம்பி. ரெண்டு நெறமும் ஒண்ணா தெரியணும்."

தெரிந்தது. பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிறம். அவர் கையிலிருந்து வாங்கி நிழலுக்குக் கொண்டுபோனேன்; ஆரஞ்சு கொஞ்சம் பின்வாங்கியது.

நிறம் கூட்டுவதற்காகச் சூடுபடுத்தாத கல் என்று ஆய்வகச் சான்று இருந்தால் விலை பல மடங்கு ஏறும். அந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு வரக் காரணம் உண்டு. 2001 வாக்கில் தாய்லாந்தில் பெரிலியம் என்ற தனிமத்தைச் சேர்த்துச் சுட்டு நிறம் மாற்றிய ஆரஞ்சு-இளஞ்சிவப்புக் கற்கள் சந்தையில் குவிந்தன. ஆய்வகங்களே முதலில் ஏமாந்தன. 2002 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்ததும், நல்ல கல் வைத்திருந்தவர்களையும் சேர்த்தே சந்தேகித்தார்கள். தரை கொடுக்காததை உலை கொடுத்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. மடகாஸ்கர் கற்களும் வருகின்றன. அவற்றில் சிலவற்றின் ஆரஞ்சு நாளடைவில் வெளிறிவிடும். 2018-இல் பிரிட்டிஷ் இளவரசி யூஜினியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பத்பராட்ஷா இருந்ததால், பெயரே கேள்விப்படாதவர்களும் கேட்டு வரத் தொடங்கினார்கள்.

நாநாவிடம் விலை கேட்டேன். சொல்லாமல் சிரித்து, "நாளைக்குக் காலையில வந்து இன்னொருக்காப் பாருங்க" என்றார்.

மறுநாள் போனேன். மணி ஒன்பதுக்கே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் இல்லாமல் யாரும் கல்லைக் காட்டவில்லை. தெரு முழுக்கக் காகித மடிப்புகள் சட்டைப் பைக்குள் போய்விட்டன. நாநா டீக்கடைத் தாழ்வாரத்தில் எனக்கும் சேர்த்து இரண்டு பிளேன்டீ சொன்னார்.