நிவாரணப் பணமும் ஒரு குடிநீர்க் குழாயும்

2021 மார்ச்சில் வந்த கொரோனா நிவாரணச் சட்டத்தில் அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கியது. தன் பங்கைச் செலவழிக்கத் திட்டம் போட ஒரு சின்ன ஊருக்கு உதவப் போயிருந்தேன்.

ஆளுக்கொரு ஆசை. ஒருவர் பழைய கடனை அடைக்கலாம் என்றார். விதி இடம் தராது. இன்னொருவர் புதிதாக ஆள் எடுக்கலாம் என்றார். சரி, பணம் தீர்ந்த பிறகு சம்பளம் யார் தருவது? நான் குடிநீர்க் குழாய் கட்சி.

“மண்ணுக்குள் புதைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாதே!” என்றார் ஒரு கவுன்சிலர், சிரிக்காமல்.

2024 டிசம்பர் 31க்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும், 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்தாக வேண்டும், மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றேன். அப்புறம்தான் குழாயின் வரைபடத்தை விரித்தார்கள்.