பெட்டிக்குள் துள்ளும் மேஜிகார்ப்

ஜூன் 7, 2025, சனி

அண்ணன் மகன் போக்கிமான் கார்டுகளைத் தரம் பிரித்து முடித்தான். "இதெல்லாம் டபுள் அத்தை, என்ன வேணா பண்ணிக்கோங்க" என்று ஒரு கட்டைத் தள்ளிவிட்டான். பாதிக்கு மேல் தண்ணீர் எனர்ஜி கார்டு, அதாவது ஆட்டத்தில் போக்கிமானுக்குச் சக்தி கொடுக்கும், துளிச் சின்னம் போட்ட கார்டு. மிச்சத்தில் ஒரே படம் போட்ட மேஜிகார்ப் நிறைய. சண்டையில் சும்மா துள்ளுவதைத் தவிர ஒன்றுக்கும் உதவாத மீன். எனக்குப் பிடித்ததே அதனால்தான். ஒரே படத்தை அடுக்கடுக்காக வெட்டி, இடைவெளி விட்டு ஒட்டினால் மீன் எழுந்து நிற்கும். அதைக் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வைத்து, உள்ளே விளக்கும் வைக்க ஆசை.

ஜூன் 8, ஞாயிறு

செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வருவேனா என்கிறது. இரண்டு தாளுக்கும் நடுவே கறுப்பாக ஒரு அடுக்கு இருக்கிறது. விளிம்பை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். அசலா போலியா என்று சேகரிப்பவர்கள் பார்ப்பதும் இந்தக் கோட்டைத்தான். ஆக, பின்னாலிருந்து விளக்கு போட்டுப் பயனில்லை. பக்கவாட்டில் வர வேண்டும், அல்லது கார்டில் ஓட்டை போட வேண்டும். இரண்டையும் செய்துவிடலாம்.

ஜூன் 11, புதன்

ஃபிரேம் கடை அண்ணாச்சியிடம் இரண்டு அங்குல ஆழத்தில் பெட்டி கேட்டேன். "முருகரா, பெருமாளா?" என்றார். சாமி படத்துக்கு எல்இடி வைத்துக் கொடுப்பது அவருக்குத் தினப்படி வேலை. மீன் என்றதும் பேச்சே காணோம்.

கார்டு 63 மி.மீ. அகலம், 88 உயரம். பின்சுவருக்கு நான்கு எனர்ஜி கார்டு சேர்த்தால் 126க்கு 176. ஆறுக்கு எட்டு அங்குலப் பெட்டியில் வைத்தால் சுற்றிலும் விளக்குப் பட்டை ஓட இடம் கிடைக்கும்.

ஜூன் 14, சனி

நாள் முழுக்க வெட்டு. கத்தரி வேலைக்காகாது; கூர்முனை பிளேடுதான். மீசை, முதுகுத் துடுப்பு இரண்டும் பொறுமையைச் சோதிக்கும். பிளேடை அசைக்காமல் கார்டைத் திருப்பினால் வளைவு சுத்தமாக வரும். வெட்டிய விளிம்பில் தாளின் வெள்ளை பல்லைக் காட்டும், விளக்கடியில் இன்னும் மோசம். மீனுக்குச் சிவப்பு, அலைக்கு நீலம் என்று ஸ்கெட்ச் பேனாவைப் பக்கவாட்டில் ஓட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு 2 மி.மீ. ஃபோம் டேப். ஃபெவிக்காலில் தண்ணீர் இருப்பதால் கார்டு நெளியும்.

ஒரு ஹோலோவையும் (படம் பளபளக்கும் கார்டு) அண்ணன் மகனிடம் கேட்டுப் பார்த்தேன். "அத்தை, அதத் தொட்டா அவ்ளோதான்."

ஜூன் 15, ஞாயிறு

ரிச்சி தெருவில் வாங்கிய 5 வோல்ட் யுஎஸ்பி எல்இடி பட்டை. பழைய செல்போன் சார்ஜரே போதும். 12 வோல்ட் என்றால் தனி அடாப்டர் தேட வேண்டும். வெள்ளை வெளிச்சமே சரி. மஞ்சளில் கடல் குட்டைத் தண்ணீர் மாதிரி பாசி நிறமாகிவிடுகிறது.

எனர்ஜி கார்டிலுள்ள துளிச் சின்னத்தை மட்டும் குடைந்தெடுத்து, பின்னால் இரண்டு மடிப்பு பட்டர் பேப்பர், அதற்கும் பின்னால் ஒரு துண்டுப் பட்டை. நான்கு துளியும் எரிகின்றன. முன்னால் மீன். ஓரத்து வெளிச்சம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொரு அலையின் நிழலையும் அடுத்த அலைமேல் போடுகிறது. அந்த நிழல்தான் இதில் சரக்கே. விளக்கைக் கூட்டினால் அது காணாமல் போகிறது.

பட்டையின் பசையை நம்புவதற்கில்லை, சூட்டில் கழன்றுவிடும். மூலைகளில் கிளிப் போட்டு, ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்துவிட்டுத்தான் கண்ணாடியை மூட வேண்டும்.