அட்லாண்டிக் லீகில் ஸ்டான்ஃபோர்டுக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் அடுத்து எந்தப் பல்கலை தன் விளையாட்டு லீகை மாற்றும் என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது லீகின் டிவி ஒப்பந்தத்தைத்தான். மேற்குப் பகுதி லீகான பாக்-12 சிதறியதும் ஒண்ட இடமில்லாமல், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024-இல் அட்லாண்டிக் கரை லீகான ஏசிசிக்குப் போனார்கள், அதுவும் டிவி பணத்தில் குறைந்த பங்குக்குத் தலையாட்டிவிட்டு. அவர்களோடு சேர்ந்த டெக்சஸ் பல்கலையான எஸ்எம்யூ ஒரு படி மேலே போய், ஒன்பது ஆண்டுகளுக்கு லீகின் டிவி பணமே வேண்டாம் என்றது (பணக்கார முன்னாள் மாணவர்கள் இருந்தால் எதுவும் நடக்கும்). அமெரிக்க ஃபுட்பால் அணி எப்போதாவது அத்தனை தூரம் பறக்கலாம், சரி. வாலிபால் ஆடும் பெண்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலைந்துவிட்டு எப்போது படிப்பார்கள்?

ஏசிசியிலேயே இருக்கும் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலை 2023-இல் ஏசிசி மீதே வழக்குப் போட்டது, 2025-இல் சமரசம். அதன்படி, லீகை விட்டு வெளியேறும் பல்கலை கட்ட வேண்டிய கட்டணம் படிப்படியாக இறங்கி 2030-31-இல் 7.5 கோடி டாலராகும். அடுத்த தாவல் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.