கார்த்திகை மாதத்தில் மாம்பழ வாசம்

மதுரை இலந்தைகுளம் பக்கம் இருக்கும் எங்கள் ஆபீஸில் அமெரிக்க மெடிக்கல் பில்லிங் நடக்கிறது. பெரும்பாலும் நைட் ஷிப்ட். அட்மின் பொறுப்பு என்னுடையது. ஹவுஸ்கீப்பிங் அம்மாதான் முதலில் வந்து சொன்னார்: "ஆம்பளைங்க பாத்ரூம்ல மாம்பழ வாசம் அடிக்குதும்மா." கார்த்திகையில் ஏது மாம்பழம்? வேப், அதாவது பழ வாசனை போட்ட இ-சிகரெட்.

பைகளைச் சோதித்து, கிடைப்பதையெல்லாம் பிடுங்கி பீரோவில் பூட்டச் சொன்னார் மேனேஜர். 2019 இ-சிகரெட் தடைச் சட்டத்தை எடுத்துக் காட்டினேன். இ-சிகரெட்டை விற்பது மட்டுமல்ல, சேமித்து வைப்பதும் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பீரோ சாவி உங்ககிட்டதானே சார் இருக்கும்?" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். "வெறும் ஆவிதான்க்கா, சிகரெட்டையே விட்டுட்டேன்ல" என்றான் ஒருவன். அவன் வைத்திருந்ததில் 5% என்று போட்டிருந்தது. அப்படியென்றால் மில்லிலிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். சிகரெட்டாவது எரிந்து தீரும், அணைத்துவிட்டு சீட்டுக்கு வந்தாக வேண்டும். இதற்கு அப்படியொரு முடிவே கிடையாது. இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்த்துக்கொண்டே சட்டைக் காலருக்குள் ஓர் இழுப்பு. எத்தனை என்று இழுப்பவனுக்கே கணக்கில்லை.

எல்லோரும் சொன்ன நேரம் மட்டும் ஒன்றாக இருந்தது: ராத்திரி ஒன்றரைக்கு மேல். தூக்கம் கண்ணைச் சுழற்றும், டார்கெட் பாக்கி நிற்கும், எழுந்தால் டீம் லீடர் முறைப்பார். நோட்டீஸ் ஒட்டி இதைத் தீர்க்க முடியாது. ஒன்றரைக்கு எல்லோருக்கும் பிரேக், ஆள் மாற்றி சீட்டைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அதற்குத்தான் பெரிய சண்டை. கடைசியில் கால் மணி நேரம் கிடைத்தது.

புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவச எண் 1800-112-356. தமிழிலும் பேசுகிறார்கள். நடு ராத்திரியில் எடுக்கமாட்டார்கள் என்பதால் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே பேசிவிடச் சொன்னேன். சிலர் மெடிக்கலில் பழக்கத்தை விட உதவும் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் வாங்கி, சாதா சூயிங் கம் மாதிரி மென்று தள்ளி, விக்கலும் குமட்டலுமாக வந்து நின்றார்கள். அது அப்படி மெல்லுவதல்ல. சுரீரென்று உறைக்கும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கினால் மறுபடி மெல்லலாம். காபி, ஜூஸ், கோலா குடித்த வாயோடு போட்டால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. பழக்கத்தை விட்ட முதல் சில நாள் சிடுசிடுப்பு உச்சத்தில் இருக்கும் என்று டீம் லீடர்களிடமும் சொல்லி வைத்தேன். அந்த வாரம் யாரையும் கத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டவர்கள் பாதிப் பேர்.

நான் எதிர்பார்க்காதது வாசல் டீக்கடை. பிரேக் கிடைத்ததும் நேரே அங்கே போனார்கள். அங்கே சில்லறையில் சிகரெட் கிடைக்கும். வேப்பை விட்ட இரண்டு பேர் பழையபடி சிகரெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது பருத்திப்பாலைப் பெரிய பிளாஸ்கில் வாங்கி மாடியிலேயே வைத்துவிடுகிறோம். சுக்குக் காரத்துக்கு ஒரு டம்ளரில் தூக்கமும் கலைகிறது. திரும்பிப் போன இருவரில் ஒருவன் கம் கேட்டு மறுபடி வந்திருக்கிறான்.

பாத்ரூம் வாசம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. இதற்கிடையே பகல் ஷிப்ட்காரர்களும் அந்தக் கால் மணி நேரத்தைக் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன், மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.