கொட்டாங்குச்சிக் கணக்கு

நான் முதன்முதலில் காசு பார்த்தது மண்புழு விற்று. திருவையாற்றுப் பக்கம் காவிரிக்கரை ஊர் எங்களுடையது. 1980களில் அங்கே சாயங்காலம் ஆனால் படித்துறையிலும் மதகடியிலும் தூண்டில் போட ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் பலருக்குப் புழு நோண்டப் பொறுமை கிடையாது. எங்கள் கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைமரத்தடிக்குப் போய்ச் சேரும். அந்த ஈரம்தான் என் முதலீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடுவேன்.

வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அப்புறம் எங்கள் ஊருக்கு வரும். புதுத்தண்ணீர் வந்தால் கரை நெடுகத் தூண்டில்தான், வியாபாரமும் நன்றாக நடக்கும். ஐப்பசி அடைமழையில் புழு தானாக மேலே வந்து வாசலில் நெளியும். அவரவர் வீட்டிலேயே கிடைக்கிற சரக்கை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கோடையில் தலைகீழ். மண் இறுகிப் புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆற்று மடுவில் மீன் இருக்கும், பிடிக்க ஆளும் இருப்பார்கள், புழுதான் இருக்காது. மற்ற நாளில் ஐம்பது காசுக்கு விற்கிற ஒரு கொட்டாங்குச்சிப் புழு அப்போது ஒரு ரூபாய்க்குப் போகும். விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை எனக்கு எந்த வாத்தியாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நோண்டுவதைவிட உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய வேலை. மண்புழு தோலால் மூச்சு விடுகிற உயிர். தோல் காய்ந்தால் போச்சு. அதற்காகத் தண்ணீரை ஊற்றி வைத்தாலும் வெளிறி, ஊதி, துவண்டுவிடும், கொக்கியில் நிற்காது. பிடித்தால் உருண்டையாக நிற்கிற, பிழிந்தால் சொட்டாத மண்தான் சரி. மேலே வாழைச்சருகு. எறும்புக்குப் பயந்து கொட்டாங்குச்சியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பேன். செத்த புழு ஒன்று கிடந்தாலும் மற்றதையும் கெடுத்துவிடும் என்பதால் காலையில் எழுந்ததும் கிளறிப் பார்ப்பேன். மெல்லிய சிவப்புப் புழு சின்னக் கெண்டைக்கு, தடித்தது கெளுத்திக்கு என்று தனித்தனியாகப் பிரித்தும் வைப்பேன்.

வாடிக்கையாக வருகிற தாத்தா ஒருவர், “மண்ணுக்கெல்லாம் காசு தர முடியாதுடா தம்பி, கொட்டிக் காட்டு” என்பார். இலையில் கொட்டிக் காட்டுவேன். குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் மடியிலிருந்து காசை எடுப்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. சின்னப் பையன்தானே என்று சும்மா கொடுக்கிற காசு இல்லை அது. சரக்கைப் பார்த்துக் கொடுத்த காசு. அப்புறம் யார் வந்தாலும் அவர்கள் கேட்குமுன் நானே கொட்டிக் காட்ட ஆரம்பித்தேன்.

இப்போது பூ வியாபாரத்தில் இருக்கிறேன். ஈரச்சாக்கை விலக்கி, கூடையின் அடிவரை கைவிட்டுக் காட்டித்தான் விலை சொல்கிறேன். மல்லிகையும் அரை நாளில் முகம் மாறுகிற சரக்குதான்.

சம்பாதித்த காசு அம்மாவின் கடுகு டப்பாவில் இருந்தது. ஒருநாள் ரேஷனுக்குக் காசு பற்றவில்லை. “கைமாத்தாக் குடுடா, கூலி வந்ததும் தந்துடறேன்” என்று அம்மா என்னிடம் கேட்டார். டப்பா அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை கூலி வந்ததும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு வந்த நிமிர்வை, பின்னாளில் பெரிய தொகை கைக்கு வந்தபோதுகூட உணர்ந்ததில்லை.

குழந்தை உழைப்பைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. என் வயதுப் பிள்ளைகள் பட்டறையிலும் ஓட்டலிலும் அடிபட்டு வேலை பார்த்ததையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, வாங்கிய கூலி அவர்கள் கையிலும் தங்கவில்லை. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது ரொம்பச் சரி. எனக்கு முதலாளி கிடையாது. பரீட்சை வந்தால் களைக்கொத்தியை மூலையில் போட்டுவிடலாம்.

அக்கா பேரன் இந்தக் கோடையில் புழு விற்கப் போகிறேன் என்கிறான். விற்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் மணல் அள்ளிய பள்ளம் ஆற்றில் எங்கே கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. அதனால் கரைமேல் ரோட்டோரம் உட்கார்ந்துதான் விற்க வேண்டும், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.