சைக்கிளுக்கு வந்த டிக்கெட்

"எதுக்கு வம்பு, பேசாம ஃபைனைக் கட்டிட்டுப் போ." அமெரிக்காவில், ஓஹியோவின் டேட்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் நாலு பேரும் இதையேதான் சொன்னார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு. அதனால் கட்டவில்லை.

வேலைக்கு சைக்கிளில் போகும்போது பின்னால் போலீஸ் கார் விளக்கு. லேனின் நடுவில் போகிறேனாம், அதுவும் மெதுவாகப் போகிறேனாம். ஓரமாகப் போகவேண்டியதுதானே என்றார். அவர் காட்டிய ஓரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தார். அதில் பீர் பாட்டில் சில்லு, சரளை, நீளவாக்கில் கம்பி வைத்த சாக்கடை மூடி. அந்த இடுக்கில் என் முன் டயர் கச்சிதமாகப் போய் உட்காரும்.

நான் அங்கே வாதாடவில்லை. சாலையில் நின்று சட்டம் பேசி ஜெயித்த யாரையும் எனக்குத் தெரியாது. பெயர், முகவரி சொன்னேன், டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். கைப்பிடியில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிட்டேன்.

மெதுவாகப் போனதற்கான பதில் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. 1999ல் டிராட்வுட்டில், சேலம் அவென்யூவில் (பெயரில்தான் சேலம், மாம்பழம் கிடைக்காது), 45 மைல் வேகச் சாலையில் சுமார் 15 மைலில் போன ஒரு சைக்கிள்காரருக்கு டிக்கெட் கொடுத்தார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்தது. மனிதர் விடவில்லை, அப்பீல் போனார். சைக்கிளால் முடிந்த வேகத்தில் போகிறவரைத் தண்டித்தால் சைக்கிளையே சாலையை விட்டுத் துரத்தியதாகிவிடும் என்று 2000ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஜார்ஜியாவில் சாலையில் மெதுவாகப் போன சோளம் அறுக்கும் இயந்திரம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைக்கூடத் துணைக்கு இழுத்திருந்தார்கள்! இப்போது மாநிலச் சட்டமே, 4511.22 பிரிவில், வண்டியின் திறனையும் ஓட்டுபவரின் திறனையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

ஓரம் பற்றியது 4511.55. முடிந்தவரை வலது ஓரமாகப் போகச் சொல்வது அதுதான். தடைகள் இருந்தாலோ, சைக்கிளும் காரும் பக்கம் பக்கமாகப் போக முடியாதபடி லேன் குறுகலாக இருந்தாலோ ஒட்டிப் போக வேண்டியதில்லை என்று சொல்வதும் அதேதான். முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் போல.

சரி, எது குறுகல்? ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரை நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். பத்தடி லேன். கார் ஆறடி, என் ஹேண்டில்பார் இரண்டடி. முந்தும்போது மூன்றடி விடவேண்டும் என்பது 2017லிருந்து இங்கே சட்டம். கூட்டிப் பார்த்தால் பதினொன்று. ஹேண்டில்பார் முனை கோட்டைத் தொடும்படி ஓட்டினாலும் லேனுக்குள் அடங்காது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, லேன் படத்தோடு கோர்ட்டுக்கு எடுத்துப் போனேன். விசாரணைக்கு முன்பே அரசு வக்கீல் தாளை வாங்கிப் பார்த்தார், இரண்டு முறை கூட்டினார், வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்.

இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர் யாருக்காவது டிக்கெட் வந்தால் சொல்லுங்கள். நீளமான நாடா என்னிடம் இருக்கிறது, மறு முனையைப் பிடிக்க நானே வருகிறேன்.